ஸ்கூட்டரில் ஒரு மாவட்டம்: அயர்லாந்தின் கெர்ரியில் கடைக்காரர் கண்டவை

கடை வைத்திருப்பவனுக்கு ஊர் சுற்ற நேரம் ஏது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும்வரை கல்லாவை விட்டு எழ முடியாது. வெளியூர் போகிறோம் என்றால் ஒன்று கொள்முதலாக இருக்கும். இல்லையென்றால் கல்யாணமாக இருக்கும். ஆனால் அடுத்தவர் கடையைப் பார்ப்பதும் ஒரு வகைக் கொள்முதல்தான். அதற்கு பில் கிடையாது, வரி கிடையாது. அப்படிக் கொண்டுவந்த சரக்கைத்தான் இந்த இதழில் வணிக நண்பர்களுடன் பங்கிட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஜூன் மாதம் அயர்லாந்தில் கெர்ரி என்ற மாவட்டத்தை ஸ்கூட்டரில் சுற்றி வந்தோம். என் தங்கை மகன் அந்நாட்டின் கார்க் நகரில் வேலை பார்க்கிறான். ‘ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் மாமா’ என்று பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தான். என்னுடன் வந்தவர் விருதுநகரில் எங்கள் தெருவிலேயே பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர். தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மருமகனும் அவனுடன் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்களும் ஆளுக்கு ஒரு வண்டி ஓட்டினார்கள். அண்ணாச்சியும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். மூன்று வண்டி, ஐந்து பேர், மூன்று நாள், ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

கார் எடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. கார் பெரிய ஊரில்தான் நிற்கும். ஸ்கூட்டர் ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்கும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நம் தலைமுறை வியாபாரிகளுக்கு ஸ்கூட்டர் அந்நியமா என்ன? 1946-ல் இத்தாலியில் பியாஜியோ கம்பெனி கொண்டுவந்த வெஸ்பாவைத்தான் பிறகு பஜாஜ் உரிமம் பெற்று நம் நாட்டில் செய்தது. அந்த உரிமம் முடிந்தபின் 1972-ல் சேத்தக் வந்தது. முன்னால் எண்ணெய் டின், பின்னால் பருப்பு மூட்டை என்று எத்தனை கடைகளை அந்த வண்டி தூக்கி நிறுத்தியிருக்கிறது! அதே வெஸ்பாவின் 125 சி.சி. வண்டிகளில்தான் இப்போது புறப்பட்டோம். அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எங்களுக்குப் பழகிய உணர்வாகவே இருந்தது.

ஆள் குறைந்த மாவட்டம்

அயர்லாந்தில் கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. கெர்ரியின் பரப்பு சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். நமது விருதுநகர் மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால் ஜனத்தொகை? 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 1,56,000 பேர்தான். நம் மாவட்டத்திலோ 2011 கணக்கெடுப்பிலேயே 19 லட்சத்துக்கு மேல். அதாவது நம்மிடம் பன்னிரண்டு வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் அங்கே ஒருவர்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1841-ல் கெர்ரியில் ஏறத்தாழ 2,90,000 பேர் வாழ்ந்தார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயும் அதைத் தொடர்ந்த பெரும் பஞ்சமும் நாட்டையே சூறையாடின. அயர்லாந்து முழுவதும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். பிறகும் பல தலைமுறைகளாக வேலை தேடி மக்கள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். மலைச்சரிவுகளில் இன்றும் கூரை இல்லாத கல்வீடுகளைப் பார்க்கலாம். இத்தனை குறைந்த ஜனத்தை வைத்துக்கொண்டு கிராமத்துக் கடை எப்படிப் பிழைக்கிறது என்பதே எங்கள் பயணத்தின் கேள்வியாகிவிட்டது.

அண்ணாச்சிக்கு அது வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. அவரிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைகள் வருடா வருடம் குறைகின்றன. அவருடைய மகன் ‘இந்தக் கடையை நான் எடுக்கவில்லை’ என்று சொல்லிவிட்டான். சில்லறைக் கடை அழிந்தால் மொத்த வியாபாரி யாருக்கு விற்பான்?

வெண்ணெய்ச் சாலை

கார்க்கிலிருந்து கெர்ரியின் சுற்றுலா நகரமான கில்லார்னி சுமார் 90 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை விட்டு, மில்ஸ்ட்ரீட் வழியாகப் போகும் பழைய வெண்ணெய்ச் சாலையில் போனோம். கெர்ரி விவசாயிகளின் வெண்ணெய் கார்க் சந்தைக்குப் போவதற்காக 18-ம் நூற்றாண்டின் நடுவில் போடப்பட்ட பாதை இது. அதுவரை குதிரை முதுகில் போன வெண்ணெய் அதற்குப் பிறகு வண்டியில் போனது.

கார்க் வெண்ணெய்ச் சந்தை 1770-ல் தொடங்கியது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அதுதான். வந்த ஒவ்வொரு மரப்பீப்பாயையும் சந்தையின் தரப் பரிசோதகர்கள் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று முத்திரை குத்தினார்கள். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று பரிசோதகருக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த முத்திரையை நம்பி, பீப்பாயைத் திறந்து பார்க்காமலேயே கடல் கடந்த ஊர்க்காரர்கள் வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட சந்தை 1924-ல் மூடப்பட்டது. நீண்ட கப்பல் பயணத்துக்கு ஏற்ற, உப்பு அதிகமான வெண்ணெய்க்குத்தான் அது பெயர் பெற்றிருந்தது. இங்கிலாந்து வாடிக்கையாளரோ உப்புக் குறைந்த புது வெண்ணெயைக் கேட்கத் தொடங்கினார்கள். டென்மார்க்கும் பிரான்சும் கொடுத்தன. இயந்திரப் பால்பண்ணைகளும் வந்தன. தரம் கெட்டதால் விழவில்லை. கேட்ட சரக்கைத் தராததால் விழுந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது மருமகன் இந்தக் கதையைச் சொல்ல, அண்ணாச்சி, “வாடிக்கையாளர் அரைக்கிலோ பாக்கெட் கேட்கும்போது நாம் மூட்டையைக் காட்டக்கூடாது” என்றார்.

அந்தச் சந்தை போனாலும் அந்நாட்டின் வெண்ணெய் போகவில்லை. 1961-ல் அரசு அமைத்த பால்பொருள் வாரியம் மறு வருடமே ‘கெர்ரிகோல்ட்’ என்ற பெயரில் எல்லாப் பண்ணைகளின் வெண்ணெயையும் ஒரே பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. கெர்ரியில் மட்டும் செய்யும் வெண்ணெய் அல்ல அது. அழகான மாவட்டத்தின் பெயரை எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியாகப் போனால் யாரென்று கேட்பார்கள். ஒரே பெயரில் போனால் அலமாரியில் இடம் கிடைக்கும்.

ஆட்டுக்கு முடிசூட்டும் சந்தை

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கில்லார்னியிலிருந்து கிளம்பினோம். கெர்ரி வளையம் என்று அழைக்கப்படும் சுற்றுச்சாலை 179 கிலோமீட்டர். சுற்றுலா பஸ்கள் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். சாலை குறுகல் என்பதால் அப்படி ஒரு வழக்கம். பஸ்கள் புறப்படும் முன் நாமும் அதே திசையில் போய்விட்டால் தொல்லை இல்லை என்று இளைஞர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் ஊர் கில்லோர்க்லின். பாலத்தருகே கொம்புடன் ஒரு வெள்ளாட்டுச் சிலை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10, 11, 12 தேதிகளிலும் இங்கே ‘பக் ஃபேர்’ என்ற சந்தை கூடுகிறது. மலையில் பிடித்த காட்டு ஆட்டுக்கு முடிசூட்டி ராஜாவாக்கி, உயரமான மேடையில் வைப்பார்கள். கீழே முதல் நாள் குதிரைச் சந்தை, இரண்டாம் நாள் மாட்டுச் சந்தை. சந்தைக்கு 1613-ல் கிடைத்த அரசு ஆணை உண்டு. நானூறு வருடத்துக்கு மேலாக ஓடும் சந்தை! நம் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் பொருட்காட்சி நடப்பது போலத்தான். திருவிழா கூட்டத்தைக் கூட்டுகிறது. கூட்டம் கடைகளை வாழவைக்கிறது.

கம்பி வழியே வந்த விலை

கஹர்சைவீன் ஊரைத் தாண்டி, சிறு படகில் ஸ்கூட்டர்களை ஏற்றி வலன்ஷியா தீவுக்குப் போனோம். ஐந்து நிமிடப் பயணம்தான். ஆனால் வியாபாரி எவனும் கும்பிட வேண்டிய இடம் அது. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அமெரிக்கக் கண்டத்துக்குப் போட்ட தந்திக் கம்பி இந்தத் தீவிலிருந்துதான் புறப்பட்டது. 1858-ல் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. 1866-ல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற பிரம்மாண்டக் கப்பல் போட்ட கம்பி நிலைத்தது. அதற்கு முன் நியூயார்க் பஞ்சு விலை கப்பலில் பத்து நாளாவது பயணம் செய்துதான் இங்கிலாந்துக்கு வரும். அதன்பின் நிமிடங்களில் வந்தது. தீவின் தந்தி நிலையம் 1966 வரை இயங்கியது.

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகையில் வரும் ஊர்க்காரர்கள் நாங்கள். தந்தியிலும் டிரங்க் காலிலும் விலை கேட்டு வியாபாரம் செய்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். விலை முதலில் தெரிந்தவனுக்கு லாபம் என்ற காலம் அந்தக் கட்டிடத்திலிருந்து தொடங்கியது என்று நினைக்கும்போது மெய்சிலிர்த்தது. இன்று விலை எல்லோர் கையிலும் கைபேசியாக இருக்கிறது. விலையை மட்டும் நம்பி நடக்கும் கடை இனி நிற்காது என்பதும் அதே கம்பியின் தொடர்ச்சிதான்.

ஒரு கூரையின் கீழ் ஐந்து தொழில்

தீவிலிருந்து பாலம் வழியாகக் கரையேறி, அன்றிரவு வாட்டர்வில் என்ற கடற்கரை ஊரில் தங்கினோம். சார்லி சாப்ளின் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்த ஊர். கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எங்களுக்குச் சாப்பிட்டுத் தூங்கவே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்று என்றால் சாதாரணக் காற்றல்ல. வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் கடற்காற்று. கைவிரல் மரத்துப்போய் ஒரு கிராமத்துக் கடை வாசலில் நின்றோம். கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்ததும் முதலில் சூடான தேநீருக்கு வழிகாட்டினார். பிறகு பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளில் பெரிய அளவாக ஐந்து ஜோடி எடுத்து மேசைமேல் வைத்து, “உங்கள் கையுறைக்கு மேல் இதை மாட்டுங்கள், தண்ணீர் இறங்காது” என்றார். விலை மிகக் குறைவு. மழைக்கோட்டு விற்றிருந்தால் அவருக்கு லாபம் அதிகம். தேவையைப் பார்த்து விற்றார். நாங்களோ அந்தக் கடையில் ரொட்டி, பிஸ்கட், சாக்லேட் என்று கூடை நிறைய வாங்கினோம்.

அந்த அரைமணி நேரத்தில் அண்ணாச்சி கடையை அளந்துவிட்டார். முன்னால் மளிகை. ஒரு பக்கம் சூடாக ரொட்டியில் கோழி வைத்துத் தரும் உணவு மேடை. அந்நாட்டில் வேலைக்குப் போகிறவர்களின் மதியச் சாப்பாடே பெரும்பாலும் அதுதான். மூலையில் தபால் கவுண்ட்டர். வாசலில் பெட்ரோல் பம்ப். அதையொட்டிச் சமையல் கேஸ் சிலிண்டர், அடுப்புக் கரிக்கட்டிகள். மளிகையில் கிடைக்கும் லாபம் குறைவு. சாப்பாட்டில்தான் மிச்சம் என்று அந்த அம்மாள் மறைக்காமல் சொன்னார். தபாலுக்கு வந்தவர் பால் வாங்குகிறார். பெட்ரோலுக்கு வந்தவர் சாப்பாடு வாங்குகிறார். ஒரு வாடிக்கையாளர் ஐந்து காரணத்துக்காக உள்ளே வருகிறார்.

எல்லாக் கிராமத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018-ல் அந்நாட்டில் 159 கிளைத் தபால் அலுவலகங்கள் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. தபால் போன ஊரில் கடைக்கு வரும் காலடியும் குறைகிறது. வழியில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய, ஜன்னலில் திரை போட்ட பழைய கடைகளையும் பார்த்தோம்.

மொத்த வியாபாரி காப்பாற்றிய சில்லறைக் கடை

இனி விஷயத்துக்கு வருகிறேன். வழியில் பார்த்த கிராமத்துக் கடைகள் பலவற்றின் பலகையில் சென்ட்ரா, ஸ்பார், லண்டிஸ், கலா என்று ஏதோ ஒரு பொதுப்பெயர் இருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் குடும்பப் பெயர். எல்லாம் பெரிய கம்பெனியின் கிளைகளாக்கும் என்று நினைத்தோம். அப்படியல்ல. பெரும்பாலான கடைகளின் முதலாளி அந்த ஊர்க் குடும்பம்தான். பெயரும் சரக்கும் மொத்த வியாபாரியுடையவை.

மஸ்கிரேவ் என்ற நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-ல் கார்க் நகரில் அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய மளிகைக் கடை பின்னர் மொத்த வியாபாரமானது. சூப்பர்மார்க்கெட்டுகள் பெருகி, தன்னிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைகள் சாய்வதைப் பார்த்த நிறுவனம், சரக்கு அனுப்புவதோடு நிற்கவில்லை. 1979-ல் பெரிய கடைகளுக்கு ‘சூப்பர்வேல்யூ’, சிறு கடைகளுக்கு ‘சென்ட்ரா’ என்று இரண்டு பெயர்களைக் கொடுத்தது. விளம்பரம், கடை அமைப்பு, வேலையாள் பயிற்சி, வாராந்திரச் சலுகை எல்லாம் மொத்த வியாபாரியின் பொறுப்பு. கடையும் முதலும் லாபமும் ஊர்க்காரருக்கு.

இதில் கஷ்டமும் உண்டு. பெயரை மாட்டினால் பெரும்பகுதிச் சரக்கை அங்கேதான் எடுக்க வேண்டும். கடையை அவர்கள் சொல்கிறபடி வைத்திருக்க வேண்டும். இஷ்டத்துக்கு விலையைத் தேடி அலைய முடியாது. சுதந்திரத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் பலத்தை வாங்குகிறார்கள். ஆனால் 1997-ல் இங்கிலாந்தின் டெஸ்கோ அந்நாட்டுக் கடைத்தொடர் ஒன்றை வாங்கிப் பெருமளவில் நுழைந்தபோதும், 1999-ல் ஆல்டியும் 2000-ல் லிடிலும் ஜெர்மனியிலிருந்து வந்தபோதும், தாக்குப்பிடித்த ஊர்க்கடைகளில் இப்படிக் கூட்டுச் சேர்ந்தவை ஏராளம்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

சட்டத்தின் துணை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1987-ல் வந்த மளிகை ஆணைப்படி கொள்முதல் பில் விலைக்குக் கீழே விற்கக் கூடாது. நம் சங்கங்கள் இன்று ஆன்லைன் கம்பெனிகளைப் பார்த்துக் கேட்பது இதைத்தான். அங்கே விலைவாசி உயர்வுக்கு இதுவே காரணம் என்று எதிர்ப்பு எழ, சிறு மளிகைக்காரர் சங்கம் போராடியும் 2006-ல் ஆணை ரத்தானது. இன்னொரு வேலி இன்றும் இருக்கிறது. 2012 வழிகாட்டு நெறிகளின்படி கெர்ரி போன்ற பகுதிகளில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் உணவுப்பொருள் விற்பனைத் தளம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. சட்டம் வரும், போகும். அது இருந்த காலத்தில் கூட்டுச் சேர்ந்தவர்கள் அது போனபின்னும் நின்றார்கள்.

பையையும் சொல்லியாக வேண்டும். 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டார்கள்; 2007-ல் 22 சென்ட் ஆனது. கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும். பை உபயோகம் பத்தில் ஒன்றாகவும் குறைந்தது. கடைக்காரருக்குப் பைச் செலவும் மிச்சம். 2024 பிப்ரவரியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் அளவைப் பொறுத்து 15 அல்லது 25 சென்ட் முன்பணம். காலியைத் திருப்பினால் பணம் திரும்பும். நம் ஊர் சோடாக் கடையில் காலி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிய வழக்கம்தான். இன்று இயந்திரம் வாங்கிக்கொள்கிறது.

நாம் செய்யக்கூடியது

கென்மேர் ஊரில் மழை விட்டது. அங்கிருந்து மால்ஸ் கேப் என்ற கணவாய் வழியாக, ஏரிகளைப் பார்த்தபடியே மாலையில் கில்லார்னிக்கு இறங்கினோம். அன்றிரவே கார்க் திரும்பினோம். அண்ணாச்சி வழியெல்லாம் பேசவில்லை. இறங்கியதும் மருமகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, தன்னிடம் பழகும் கிராமத்துக் கடைகளின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.

ஊர் திரும்பியபின் அவர் செய்திருப்பது இதுதான். பத்துக் கடைக்காரர்களை அழைத்து உட்காரவைத்து, பருப்பு, எண்ணெய், சோப்பு மூன்றுக்கும் கூட்டுக் கொள்முதல் பேசியிருக்கிறார். அரைக்கிலோ, கால்கிலோ பாக்கெட்டாக, பத்துக் கடைக்கும் ஒரே பெயர் அச்சிட்ட உறையில் பருப்பு கட்டித் தருவது அவர் பொறுப்பு. வாரம் ஒரு நாள் ஒரே வண்டியில் பத்துக் கடைக்கும் சரக்கு இறங்கும். லாரி வாடகை பங்காகும். ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். நான்கு பேர் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கணக்கு எழுத அவர் மகனே முன்வந்திருக்கிறான். கடையை எடுப்பானா என்பது இன்னும் தெரியாது.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அவர்கள். தனித்தனிக் கல்லாவிலிருந்து சிறுசிறு துளியாக எடுத்துப் பொதுக்காரியம் செய்யத் தெரிந்த நமக்கு, கூட்டாகச் சரக்கு எடுக்கத் தெரியாதா? மொத்த வியாபாரி தன்னிடம் சரக்கு எடுக்கும் கடையைத் தன் கடையாக நினைக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் கிலோவுக்கு ஐம்பது காசு குறைவு என்று வாராவாரம் ஆள் மாற்றுவதை நிறுத்த வேண்டும். வாசலுக்கு வருபவருக்கு மளிகையைத் தவிர இன்னும் இரண்டு காரணம் கொடுக்க வேண்டும். பில் கட்டும் வசதியோ, மாவு அரைப்பதோ, சூடான பலகாரமோ, எதுவானாலும் சரி.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டுக் கொள்முதல் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாச்சி தன் ஆறு கடைக் கணக்கை எடுத்துவந்து காட்டத் தயாராக இருக்கிறார். லாபமானாலும் நஷ்டமானாலும் உள்ளது உள்ளபடி.